ஆங்கில வினைக்குக் காலம் எத்தனை?

சாட்சிக் கூண்டில் ஒருவர் நிற்கிறார். "அறைக்குள் எட்டிப் பார்த்தபோது என்ன கவனித்தீர்கள்?" என்று நீதிபதி கேட்கிறார். அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்: "தேர் வாஸ் எ புக் ஆன் த டேபிள். இட் வாஸ் இன் ரஷ்யன்." மேசைமேல் ஒரு புத்தகம் இருந்தது, அது ரஷ்ய மொழியில் இருந்தது. முதல் 'வாஸ்' நமக்குப் புரிகிறது. அந்தப் புத்தகத்தை இதற்குள் யாராவது எடுத்துப் போயிருக்கலாம். இரண்டாவது 'வாஸ்' எதற்கு? ரஷ்ய மொழியில் அச்சான புத்தகம் இன்றைக்கும் ரஷ்ய மொழியில்தானே இருக்கும்? நடந்து முடிந்துபோனதைச் சொல்வதற்குத்தான் இறந்தகாலம் என்று பள்ளியில் படித்தவர்கள் இங்கே சற்றுத் தடுமாறத்தான் வேண்டும்.

இந்த உதாரணம் ஜெர்மானிய மொழியியலாளர் வொல்ஃப்காங் க்ளைன் 1994இல் எழுதிய நூலில் வருகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். அவர் தரும் விளக்கம் எளிமையானது. வினையின் காலம், ஒரு சங்கதி எப்போது நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன், நாம் எந்த நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்கிறது. நீதிபதி கேட்டது, அறைக்குள் எட்டிப் பார்த்த அந்த ஒரு கணத்தைப் பற்றி. சாட்சியின் வாக்குமூலமும் அந்தக் கணத்தோடு நின்றுகொள்கிறது. அதற்குப் பிறகு புத்தகத்தின் மொழி என்ன ஆயிற்று என்பது வாக்கியத்தின் கவலையே இல்லை.

இதைக் கையில் பிடித்துக்கொண்டால் ஆங்கில டென்ஸில் பாதி முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். நம் பள்ளிகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கே கிடைப்பது பன்னிரண்டு கட்டம் போட்ட ஓர் அட்டவணை. மேலிருந்து கீழே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். இடமிருந்து வலமாக சிம்பிள், கன்டினியூயஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ். மூன்று நான்கு பன்னிரண்டு. தேர்வுக்கு முந்தைய இரவில் உருப்போட வசதியான ஏற்பாடு. ஆனால் இரண்டு வேறு வேறு கேள்விகளை ஒரே பாயில் உட்கார வைத்துவிடுகிறது. எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை தருவது டென்ஸ். அந்த நேரத்திலிருந்து பார்க்கும்போது செயல் எப்படித் தெரிகிறது, முழுதாகவா, நடுவிலா, முடிந்து அதன் பலன் மட்டுமா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு விடை தருவது ஆஸ்பெக்ட். தமிழில் வினைநோக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை முதலில் ஒழுங்காக வரைந்து காட்டியவர் இலக்கண ஆசிரியர் அல்லர், இயற்பியலின் தத்துவத்தில் ஊறிய ஹான்ஸ் ரைஷன்பாக். பெர்லினில் ஐன்ஸ்டைனின் சார்பியல் வகுப்புகளில் உட்கார்ந்து படித்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இஸ்தான்புல்லுக்குப் போய், 1938இல் லாஸ் ஏஞ்சலிஸ் சேர்ந்தார். 1947இல் வெளியான அவருடைய தர்க்கவியல் நூலில் வினைகளின் காலத்தைப் பற்றிச் சில பக்கங்கள்தான் இருக்கின்றன. மொழியியலில் அந்தச் சில பக்கங்களுக்கு இருக்கும் வாழ்வு வேறெந்தக் குறிப்புக்கும் இருக்குமா என்பது சந்தேகம். காலக் கோட்டில் இரண்டு புள்ளிகள் போதாது, மூன்று வேண்டும் என்றார் அவர்: பேசும் நேரம், செயல் நடந்த நேரம், நாம் நின்று பார்க்கும் நேரம். இந்த மூன்றாவது புள்ளிதான் அவருடைய கொடை.

'ஐ லாஸ்ட் மை கீ', 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். சாவி தொலைந்தது ஒரே முறை, ஒரே மணித்துளியில். முதல் வாக்கியத்தில் பேசுபவர் அந்தப் பழைய நேரத்துக்கே போய் நின்று பார்க்கிறார். சாவி பிறகு கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். இரண்டாவதில் அவர் இப்போது, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார். தொலைத்தது பின்னால் இருக்கிறது, பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது. மூன்றாவது வகையில் பார்வைப் புள்ளியும் பழையதாகி, செயல் அதற்கும் முந்தியதாகிவிடும்: 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' நான் ஸ்டேஷனை அடைந்த நேரம்தான் பார்வைப் புள்ளி. ரயில் அதற்கு முன்பே போய்விட்டது. 'ஹேட்' இல்லாமல் 'த ட்ரெயின் லெஃப்ட்' என்றால், நான் வந்தேன், உடனே ரயில் கிளம்பியது என்று ஆகும். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

நம்மூர் அலுவலகக் கடிதங்களில் 'ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் யெஸ்டர்டே' என்று தாராளமாக எழுதுகிறோம். 'ஹேட்' போட்டால் மரியாதையாகவும் அழுத்தமாகவும் இருப்பதாக ஒரு நினைப்பு. வெளிநாட்டில் இருந்துகொண்டு கடிதத்தைப் படிப்பவருக்கோ இது பாதியில் நிற்கும் வாக்கியம். நேற்று மெயில் அனுப்பியிருந்தீர்கள், சரி, எதற்கு முன்பு? அந்த மூன்றாவது புள்ளி எங்கே என்று அவர் அடுத்த வரியில் தேடுவார். அங்கே 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' மட்டும் இருக்கும்.

பெர்ஃபெக்ட் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பார். ஏன் தவறு என்று கேட்டால் விதி அப்படி என்பார். உண்மையில் இது மொழியியலாளர்களையே மண்டை காய வைத்த கேள்வி. க்ளைன் 1992இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் 'ஹேவ்' போன்ற துணைவினையோடு 'நேற்று' சேர்வதில் தடையே இல்லை. தமிழிலும் அப்படித்தான். காலையில் கதவைத் திறந்து, வாசல் நனைந்திருப்பதைப் பார்த்ததும் "ராத்திரி மழை பெய்திருக்கு" என்கிறோம். 'ராத்திரி' பழைய நேரம், 'இருக்கு' இன்றைய நேரம். இரண்டும் நம் வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று சொல்ல முடியாது. 'ஹேஸ்' பார்வையை இன்றைக்கு இழுக்கிறது, 'லாஸ்ட் நைட்' நேற்றைக்கு இழுக்கிறது. ஆங்கிலம் இந்த இழுபறிக்கு இடம் கொடுப்பதில்லை. 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று நேராகச் சொல்ல வேண்டும்; அல்லது நம் 'பெய்திருக்கு'வில் உள்ள ஊகத்தை வெளியே எடுத்து 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்' என்று சொல்ல வேண்டும். ஆகவே தமிழ்க் காதுக்கு இந்தப் பிழை பிழையாகக் கேட்பதே இல்லை. அது மாணவரின் மந்தமல்ல, அவருடைய தாய்மொழி வேறு கணக்குப் போடுகிறது.

'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்' என்பதைக் காலை பத்து மணிக்குச் சொன்னால் சரி. இன்னும் காலை முடியவில்லை, இப்போது என்பதும் அந்தக் காலைக்குள்தான் இருக்கிறது. அதையே மாலை நாலு மணிக்குச் சொல்ல வேண்டுமென்றால் 'ஐ சா ஹிம் திஸ் மார்னிங்' என்பதுதான் இயல்பு. செயல் மாறவில்லை, பார்த்த ஆள் மாறவில்லை, பொழுது மட்டும் சாய்ந்திருக்கிறது.

இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் கூர்மையாகும். 'ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்' என்ற வாக்கியத்தை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைன் 1955இல் காலமாகிவிட்டதால் அது ஆங்கிலக் காதில் உறுத்துகிறது. இன்றைய நிலையைப் பற்றிப் பேச எழுவாயாக ஓர் ஆள் வேண்டும், அவர் இல்லை. ஆனால் வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு, ஐன்ஸ்டைன் வந்துபோன ஊர் பிரின்ஸ்டன் என்ற பொருளில் பிரின்ஸ்டனை எழுவாயாக்கினால் உறுத்தல் போய்விடுகிறது. ஊர் இன்னும் இருக்கிறதல்லவா? அதேபோல 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'பாரதி லிவ்ட்' என்றுதான் எழுத வேண்டும். 'பாரதி ஹேஸ் லிவ்ட்' என்றால் படிப்பவர் அவரைப் பேட்டி காணக் கிளம்பிவிடுவார்.

உயிரோடு இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். "பத்து வருஷமா இங்கே வேலை செய்கிறேன்" என்பது பழுதில்லாத தமிழ். அப்படியே கொண்டுபோய் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்கிறோம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும்கூட இதே இடத்தில் விழுகிறார்கள், அவர்கள் மொழியிலும் இதற்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலம் மட்டும் அந்தப் பத்து வருஷம் பின்னால் கிடப்பதை வினையிலேயே பதிவுசெய்யச் சொல்கிறது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்.'

இனி நடுவிலிருந்து பார்க்கும் பார்வை, அதாவது 'இங்' சேரும் கன்டினியூயஸ். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தன் மெட்டாஃபிசிக்ஸ் நூலில் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தார். பார்த்துக்கொண்டிருப்பவன் ஏற்கெனவே பார்த்தும் இருக்கிறான். வீடு கட்டிக்கொண்டிருப்பவனோ இன்னும் வீட்டைக் கட்டி முடிக்கவில்லை. சில செயல்களுக்கு முடிவுப்புள்ளி உள்ளேயே பொதிந்திருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. ஹங்கேரியில் பிறந்த தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் இதை வளர்த்து, வினைகளை நான்கு இனமாகப் பிரித்தார். தெரிதல் போன்ற நிலைகள். நடத்தல், ஓடுதல் போன்ற செயல்பாடுகள். வட்டம் வரைதல், வீடு கட்டுதல் போன்று முடிவை நோக்கிப் போகிறவை. உச்சியை அடைதல், வெல்லுதல் போன்று ஒரு நொடியில் நிகழ்ந்துவிடுகிறவை.

இந்தப் பிரிவினையால் என்ன பயன் என்று கேட்கலாம். 'ஹி வாஸ் வாக்கிங்' என்றால் அவர் நடந்தார் என்பது உறுதி. 'ஹி வாஸ் கிராசிங் த ரோட்' என்றால் அவர் சாலையைக் கடந்தார் என்று சொல்ல முடியாது. நடுவில் பஸ் வந்திருக்கலாம். டேவிட் டவுட்டி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970களில் இதை ஒரு முரண்புதிராகவே முன்வைத்தார்: நடக்காமலே போய்விட்ட ஒரு கடத்தலின் நடுப்பகுதி எப்படி உண்மையாக இருக்க முடியும்? இதற்கு இன்றுவரை பலர் பலவிதமாகப் பதில் எழுதிவருகிறார்கள். கற்பவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: 'இங்' சேர்ந்தால் கேமரா செயலுக்குள்ளே நுழைந்துவிடுகிறது, அங்கிருந்து முடிவு தெரியாது. ஒரு நொடியில் நிகழும் வினையோடு இது சேர்ந்தால் முந்தைய கணங்கள் நீண்டுவிடும். 'த ட்ரெயின் இஸ் அரைவிங்' என்றால் ரயில் இன்னும் நிற்கவில்லை. 'ஹி இஸ் டையிங்' என்றால் ஆள் இன்னும் இருக்கிறார்.

நிலைகளுக்கு நடு கிடையாது. ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. அதனால்தான் 'ஐ ஆம் நோயிங்' ஆங்கிலக் காதில் கோணலாக விழுகிறது. இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்த 'இங்' மோகத்தைக் கவிஞர் நிஸ்ஸிம் எஸகியேல் தன் அங்கதக் கவிதைகளில் நன்றாகவே சீண்டியிருக்கிறார். இதற்குத் தமிழைக் குறைசொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழரும் 'ஐ நோ' என்ற பொருளில் சொல்வதில்லை. தெரியும், பிடிக்கும், வேண்டும், போதும், முடியும் என்று பல நிலைகளை 'உம்' ஈற்றால் சொல்கிற மொழி நம்முடையது. நிலையும் செயலும் வேறு என்பது நம் வாய்க்கு நன்றாகவே தெரியும். 'இங்' போட்டால்தான் நிகழ்காலம் என்று வகுப்பறையில் ஏற்றிவிட்ட பாடத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

விதியைத் தெரிந்துகொண்டே மீறும்போது அது வேறு பொருள் தருகிறது. மெக்டொனால்ட்ஸ் 2003இல் 'ஐ ஆம் லவ்விங் இட்' என்று விளம்பரம் செய்தது. பிடிக்கும் என்ற நிரந்தர நிலை, இப்போது வாயில் போட்டு ரசித்துக்கொண்டிருக்கும் செயலாக மாறிவிட்டது. 'ஹி இஸ் கைண்ட்' என்றால் அவர் குணமே அப்படி. 'ஹி இஸ் பீயிங் கைண்ட்' என்றால் இப்போதைக்கு அன்பாக நடந்துகொள்கிறார், காரணம் ஏதாவது இருக்கும். 'ஐ லிவ் இன் சென்னை' என்பவர் ஊரில் வேரூன்றியவர். 'ஐ ஆம் லிவிங் இன் சென்னை' என்பவர் எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டலாம். வேலைக்கான நேர்காணலில் இந்த ஒரு வேற்றுமையே ஏதாவது சொல்லிவிடும்.

சிம்பிள் பிரசன்ட் என்பதற்கும் இந்தக் கணத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்பதை இத்தோடு சொல்லிவிடலாம். 'வாட் டூ யூ டூ?' என்பது தொழிலைக் கேட்கிறது. இந்தக் கணத்தில் நடப்பதை அது சொல்லும் இடங்கள் சிலவே: கிரிக்கெட் வர்ணனை, மேடையில் செய்துகாட்டும் சமையல், பிறகு 'ஐ பிராமிஸ்', 'ஐ ரிசைன்' போன்று சொன்ன அக்கணமே காரியம் முடிந்துவிடும் வாக்கியங்கள்.

அட்டவணையின் மூன்றாவது வரிசை, அதாவது எதிர்காலம், முழுக்கவே தகராறு. ராண்டால்ஃப் க்வர்க்கும் அவர் சகாக்களும் 1985இல் எழுதிய பெரிய இலக்கணம், ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் பதிப்பித்த ஆயிரத்து எண்ணூறு பக்கங்களைத் தாண்டிய கேம்பிரிட்ஜ் இலக்கணம், இரண்டுமே ஆங்கிலத்தில் எதிர்காலம் என்ற டென்ஸ் கிடையாது என்கின்றன. வரப்போகும் நேரத்தைப் பற்றிப் பேச வழி இல்லை என்று இதற்குப் பொருளல்ல. வினைச்சொல்லே உருமாறிக் காட்டுவது இரண்டை மட்டும்தான்: வாக், வாக்ட். மற்றதெல்லாம் இரவல் துணைவினைகளின் வேலை. 'வில்' என்பது 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஊகம், உறுதி, வழக்கம் என்று பேசுபவரின் மனநிலையைக் காட்டுவது. கதவு தட்டும் சத்தம் கேட்டு 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்றால் அது இந்த நிமிடத்தைப் பற்றிய ஊகம்.

தமிழர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. "அவன் இப்போ வீட்டில் இருப்பான்" என்று நாமும் எதிர்கால வடிவத்தை வைத்து இன்றைய நிலையை ஊகிக்கிறோம். "தாத்தா தினமும் ஆற்றில்தான் குளிப்பார்" என்று, இறந்து முப்பது வருஷமான தாத்தாவுக்கும் எதிர்கால வடிவத்தையே போடுகிறோம். ஆங்கிலமும் இந்த இடத்தில் 'வில்'லின் இறந்தகால வடிவத்தை எடுக்கிறது: 'கிராண்ட்ஃபாதர் வுட் பேத் இன் த ரிவர்.' தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், எதிர்காலத்தையும் ஊகத்தையும் வழக்கத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கின்றன. மூன்றுமே கண்முன் நடக்காதவை, மனத்தால் எட்டிப் பிடிக்க வேண்டியவை.

வரப்போவதைச் சொல்லும் வழிகளுக்குள் தேர்வு செய்வதுதான் நடைமுறையில் கஷ்டம். போன் மணியடித்ததும் எழும் முடிவுக்கு 'ஐ வில் கெட் இட்'. வானம் கறுத்திருப்பதைப் பார்த்தால் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்', சாட்சி ஏற்கெனவே மேலே தெரிகிறது. டிக்கெட் எடுத்தாயிற்று என்றால் 'ஐ ஆம் லீவிங் டுமாரோ'. ரயில்வே கால அட்டவணைக்கு 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்'.

ஆங்கில வினைக்குச் சொந்தச் சொத்து இரண்டு வடிவங்கள்தான் என்றேன், அதில் ஒன்று இறந்தகாலம். அந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மன் முதலியோர் 2007இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைகளாக இருந்த 177ஐ எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்ததில், இடைக்கால ஆங்கிலத்தில் 145 மிஞ்சின, இன்று 98 மட்டுமே ஒழுங்கற்றவையாக நீடிக்கின்றன. மற்றவை 'எட்' சேர்த்துக்கொண்டு சாதுவாகிவிட்டன. 'ஹெல்ப்' ஒருகாலத்தில் 'ஹோல்ப்' ஆகியிருந்தது. ஒரு வினை நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால் பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறதாம். கதிரியக்கத் தனிமங்களைப் போல வினைகளுக்கும் அரைவாழ்வு கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே 'கோ, வென்ட், கான்' என்று உருப்போட வேண்டியிருப்பதற்குக் காரணம், அவை தினமும் எல்லார் வாயிலும் புழங்குவதுதான். அரிதான வினைகள் மாணவரைத் தொந்தரவு செய்வதில்லை.

இந்த இறந்தகால வடிவம் காலத்தை மட்டும் சுமப்பதில்லை. 'இஃப் ஐ ஹேட் மணி' என்பவர் நேற்றைய பணத்தைப் பேசவில்லை, இன்றைக்கு இல்லாத பணத்தைப் பேசுகிறார். 'இஃப் ஹி கேம் டுமாரோ' என்பதில் 'கேம்' நாளைக்கே போய்விட்டது. 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்று மேலதிகாரியின் அறை வாசலில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்ற ஆசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நடப்பிலிருந்து தள்ளி நிற்பது, எதிரில் இருப்பவரிடமிருந்து மரியாதையாகத் தள்ளி நிற்பது, காலத்தால் தள்ளி இருப்பது, மூன்றுக்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துகிறது. நாமும் "ஒண்ணு கேட்கலாம்னு வந்தேன்" என்று வந்து நின்றுகொண்டே சொல்கிறோம். 'வந்தால்' என்ற நிபந்தனைக்கு இறந்தகால அடியைத்தான் எடுக்கிறோம். 'இஃப்', 'வென்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'வில்' போடக் கூடாது, 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' என்று எழுத வேண்டும் என்ற விதி நம்மவர்களுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

இன்னோரிடத்திலும் ஆங்கிலம் நம்மைவிடக் கறார். சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுகிறார், கட்டிலைவிட்டு எழுந்திருக்காமலேயே பிள்ளை "இதோ வந்துட்டேன்மா" என்கிறான். செயல் தொடங்கவே இல்லை, வினை முடிந்தே போய்விட்டது. அதே வாக்கை ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்' என்று சொன்னால் அம்மா திரும்பிப் பார்ப்பார், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். 'ஐ ஆம் கமிங்' என்று நடுவழியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் பொய்தான், ஆனால் இலக்கணப்படி சரியான பொய்.